தரை தராததை மட்டும் வாங்கு!

தம்பி,

உழைப்பாளிக்கு உடல்தான் முதல். பணக்காரனுக்கு வங்கியிலே வைப்பு இருக்கிறது, ஊருக்கு ஊர் வீடு இருக்கிறது. அவன் படுத்துக் கிடந்தாலும் வட்டி வளரும். பயணம் போனாலும் வாடகை வரும். உனக்கும் எனக்கும் என்ன இருக்கிறது? தூக்க இரண்டு கை, நடக்க இரண்டு கால், வளைய ஒரு முதுகு! அந்த முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தால், நாலாம் நாள் அடுப்பிலே பூனை உறங்கும். ஆகவே உடலைப் பேணுவதை ஒய்யாரம் என்று எவனாவது உன்னிடம் சொன்னால், நம்பாதே. முதலாளி தன் முதலைப் பூட்டி வைக்கிறான். தொழிலாளி தன் முதலை முறுக்கேற்றி வைக்கிறான். இரண்டும் ஒரே காரியந்தான்!

"வீட்டிலேயே பயிற்சி செய்ய வேண்டும், அண்ணே! இருப்பதோ பத்துக்குப் பத்து அறை. அதிலேதான் பீரோ, அதிலேதான் கட்டில், அதிலேதான் பிள்ளைகளின் படிப்பு. கையிலே இரண்டாயிரமோ மூவாயிரமோ சேரும். எதை வாங்கலாம்?" – திருவண்ணாமலையிலே ஆட்டோ ஓட்டுகிற தோழன் கேட்கிறான், ஆரணியிலே தறியிலே உட்காருகிற தோழன் கேட்கிறான், மண்டியிலே மூட்டை சுமக்கிற தோழனும் கேட்கிறான். அரசியல் எழுதும் இடத்திலே இரும்புக்கும் எடைக்கும் என்ன வேலை என்று எண்ணாதே. ஏழையின் மூவாயிரம் ரூபாய் எங்கே போகிறது என்பதும் அரசியல்தான்!

கேள்வி எழுந்த மறுகணமே விடை சொல்ல ஓடி வருகிறவன் யார்? வியாபாரி! கைபேசியைத் திறந்தால் அவன்; கண்ணை மூடித் திறந்தால் அவன். பளபளக்கும் இயந்திரம், பக்கத்திலே பாறை போன்ற உடம்போடு ஒரு வாலிபன், கீழே கொட்டை எழுத்திலே – மாதத் தவணை இவ்வளவுதான்! இயந்திரம் வீட்டுக்கு வருகிறது. கட்டில் ஒரு முழம் நகர்கிறது. பிள்ளையின் மேசை வெளியே போகிறது. முதல் வாரம் மும்முரம். இரண்டாம் வாரம் இடைவெளி. மூன்றாம் மாதம் அதன் கைப்பிடியிலே ஈரத் துண்டு காய்கிறது. தவணை மட்டும் தவறாமல் வருகிறது! அடைந்த பலன் என்ன? உலகத்திலேயே விலை உயர்ந்த துணிக்கொடி ஒன்றுக்குச் சொந்தக்காரன் என்ற பெருமை!

இந்த வியாபாரம் இன்று பிறந்தது என்றா நினைக்கிறாய்? நூறாண்டுக்கு மேலாகிறது. 1867-இல் பிரஷ்யாவிலே பிறந்த யூஜின் சாண்டோ, மேடைமேடையாக உடலைக் காட்டி உலகை வியக்க வைத்தவன். 1905-ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் வந்து போனான். அவன் தோளைக் காட்டியதோடு நிற்கவில்லை. பிடியிலே ஸ்பிரிங் வைத்த டம்பெல், ரப்பர் இழுவைக் கருவி என்று தன் பெயரைப் பொறித்து விற்றான். அஞ்சல் வழியே பாடமும் விற்றான். கையில்லாத பனியனுக்கு நாம் இன்றும் 'சாண்டோ பனியன்' என்கிறோமே, அவன் பெயர்தான்! அவனுடைய உடம்பு உண்மை, உழைப்பும் உண்மை. ஆனால் அந்தக் கருவியை வாங்கிய ஆயிரமாயிரம் பேரும் சாண்டோ ஆனார்களா? அன்று சாண்டோ படம். இன்று நடிகர் படம். விற்கிறவன் மாறியிருக்கிறான், விற்கிற கனவு மாறவில்லை.

நம் கோவையிலும் அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவர் இருந்தார் – சாண்டோ சின்னப்பா தேவர். பின்னாளிலே படமெடுத்துப் புகழ் பெற்றவர், 1978-இல் மறைந்தவர். அவர் சீமான் வீட்டுப் பிள்ளை அல்லர். பஞ்சாலையிலே கூலி வாங்கியவர். நண்பர்களோடு சேர்ந்து தேகப்பயிற்சிச் சாலை கண்டு உடலை வளர்த்தவர். நண்பர்களோடு சேர்ந்து – அந்தச் சொல்லை நினைவிலே வைத்துக்கொள், தம்பி. பின்னாலே தேவைப்படும்.

இனி, எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். முதலிலே வள்ளுவரைக் கேட்போம். 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார் – நாற்பத்தெட்டாவது அதிகாரம். அரசனுக்குச் சொன்னது. ஆனால் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும் அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது! மெல்லிய மயிலிறகாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார். பளு தூக்குகிறவனுக்கு இதைவிட எச்சரிக்கை வேண்டுமா? கிளையின் நுனிவரை ஏறிவிட்டவன் இன்னும் ஏற முனைந்தால் உயிருக்கே முடிவு என்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்று பத்துக் கிலோவைக் கூட்டித் தூக்குகிற வீம்புக்காரனுக்கு அது. வரவு சிறிதானாலும் செலவு விரியாதிருந்தால் கேடில்லை என்று அதே அதிகாரத்திலே சொல்கிறார். தவணை இயந்திரத்தைப் பார்த்து மயங்குகிறவனுக்கு அது! உடல் வலியும் பணவலியும் ஒரே தராசிலே நிறுக்க வேண்டியவை என்று எவ்வளவு நயமாகக் காட்டிவிட்டார்!

அந்தத் தராசைக் கையிலெடுத்துக்கொண்டு நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: தரை தராததை மட்டும் காசு கொடுத்து வாங்கு!

விளங்கச் சொல்கிறேன். உடல் செய்கிற வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் ஐந்துக்குள் அடங்கும். தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, குனிந்து நிமிர்வது, சுமந்து நடப்பது. எந்தப் பெரிய ஜிம்மிலே எத்தனை இயந்திரம் இருந்தாலும், அவை இந்த ஐந்தின் வேடங்கள்தான்.

தள்ளுவதற்கு என்ன வேண்டும்? தரை வேண்டும். தண்டால் எடுக்க ஆறடி நீளம், மூன்றடி அகலம். நீ படுத்து உறங்குகிற பாய் விரிகிற இடம் போதும். தரையிலே முடியாதவன் சுவரிலே கை வைத்துத் தள்ளட்டும், பிறகு திண்ணை விளிம்பிலே, பிறகு தரையிலே. எளிதாகிவிட்டதா? காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்து எடு. பளு தோளுக்கு ஏறும். உட்கார்ந்து எழுவதற்கு என்ன வேண்டும்? அதற்கும் தரைதான். நம் பாட்டன்மார் கொட்டடியிலே பழகிய பஸ்கிதான். இரண்டு காலிலே எளிதாகிவிட்டால் ஒரு காலை முன்னே வைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டி இறங்கு. இந்த இரண்டுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. இவற்றுக்காக ஒரு பெஞ்சோ இயந்திரமோ வாங்குகிறவன், குளத்தங்கரையிலே குடியிருந்துகொண்டு தண்ணீர்ப் பொட்டலம் வாங்குகிறவன்!

ஆனால், தம்பி, தரையைப் பிடித்து இழுக்க முடியுமா? முடியாது! அங்கேதான் தரை கைவிரிக்கிறது. தண்டாலும் பஸ்கியும் எடுக்கிற வாலிபனுக்கு மார்பு விரிகிறது, தொடை திரள்கிறது. முதுகின் மேற்பகுதியும் பிடரியும் பின்தங்கிவிடுகின்றன. நாள் முழுதும் ஸ்டியரிங்கின் மீதோ தையல் இயந்திரத்தின் மீதோ குனிந்திருக்கிறவனுக்கு வேண்டியதும் அந்த முதுகுதான். ஆகவே, உன் முதல் ரூபாய் இழுவைக்குப் போகட்டும்.

இழுவைக்கு வழி மூன்று. ஒன்று, தொங்கி எழும் கம்பி. வாசல் நிலையிலே மாட்டுகிற கம்பிகள் விற்கின்றன. மேல் விளிம்பிலே கொக்கிபோலத் தொத்திக்கொள்ளும் வகை, நிலைக்கு மேலே பிதுங்கிய சட்டம் உள்ள வீடுகளுக்கு. சுவரோடு சுவராக நிலை வைத்துப் பூசிய நம் வீடுகளிலே பெரும்பாலும் உட்காராது. இரண்டு பக்கமும் திருகி இறுக்கும் வகை உட்காரும். வழவழப்பான நிலையிலே வழுக்கவும் செய்யும். பக்கத்துக்கொரு தாங்கியைத் திருகாணியால் பொருத்தி அதிலே கம்பியை வைப்பதே உறுதி. உளுத்த நிலையிலே எதையும் மாட்டாதே. வாடகை வீடா? வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத் துளையிடு, முன்பணத்திலே பிடித்துக்கொள்வார்!

இரண்டு, ரப்பர் பட்டை. சில நூறு ரூபாயிலே கிடைக்கும். சுருட்டினால் சட்டைப் பைக்குள் அடங்கும். ஜன்னல் கம்பியிலே கோத்து நெஞ்சுக்கு இழுக்கலாம். காலடியிலே மிதித்துத் தோளுக்கு இழுக்கலாம். சிறிய அறைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் ரப்பர் சாகும் பொருள். வெயிலிலே போட்டால் வெடிக்கும். கீறல் விழுந்த பட்டை அறுந்து கண்ணிலே அடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார். கீறல் தெரிந்தால் தூக்கி எறி. பழைய பட்டையை எவன் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதே.

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம். உறுதியான பழைய வேட்டி ஒன்றின் நடுவிலே பெரிய முடிச்சுப் போடு. முடிச்சு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி, கதவின் மேல் இடுக்கிலே வேட்டியை விட்டுச் சாத்தித் தாழிடு. இரு முனையையும் பிடித்துப் பின்னே சாய்ந்து, உன் உடலையே இழு. ஒரு விதி: அந்தக் கதவு உன் பக்கமாகத் திறக்கும் கதவாக இருக்கக் கூடாது. இருந்தால் கதவும் நீயும் சேர்ந்துதான் தரைக்கு வருவீர்கள்!

அடுத்து, குனிந்து நிமிர்வதும், சுமந்து நடப்பதும். இவற்றுக்குப் பளு வேண்டும். பளு என்றதும் இரும்புக் கடைக்கு ஓடாதே! உன் வீட்டு மூலையிலே நிற்கிறதே இருபது லிட்டர் தண்ணீர் கேன், அது என்ன? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிறைத்தால் இருபது கிலோ. பாதி ஊற்றினால் பத்துக் கிலோ. கூட்டலாம், குறைக்கலாம். ஆயிரக்கணக்கிலே விலை சொல்லும் 'எடை மாற்றும்' கருவி செய்கிற வேலையை ஒரு குவளைத் தண்ணீர் செய்துவிடுகிறது! நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடு. ஒரு கையால் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியிலே நட. ஒரு கையை முக்காலியிலே ஊன்றிக் குனிந்து, மறு கையால் இடுப்புக்கு இழு. உள்ளே தண்ணீர் தளும்புவதால் பிடியும் இடுப்பும் கூடுதலாக உழைக்கும். இன்னும் கனம் வேண்டுமா? மணல்! ஒரு லிட்டர் உலர்ந்த மணல் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். வெற்றுச் சிமென்ட் பைக்குள் பத்துக் கிலோ மணலைக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுத் தை. இருபது கிலோவிலே ஒரு மூட்டையைவிடப் பத்துக் கிலோவிலே இரண்டு மூட்டை மேல். கூட்டிக் குறைக்க வசதி.

இவ்வளவையும் செய்து, மூன்று மாதம் விடாமல் செய்து, கேன் இலேசாகிவிட்டது என்று தோள் சொல்லட்டும். அன்றைக்கு இரும்பு வாங்கு. அதற்கு முந்தி வாங்கினால் அது ஆசைக்கு வாங்கியது. அதன்பின் வாங்கினால் அது தேவைக்கு வாங்கியது.

இரும்பு வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சிலவற்றைச் சொல்கிறேன், கேள். ஐந்து கிலோ ஒரு ஜோடி, ஏழரைக் கிலோ ஒரு ஜோடி, பத்துக் கிலோ ஒரு ஜோடி என்று உருட்டி வார்த்த டம்பெல்களை வாங்கினால் ஆறு குண்டு; அறையிலே கால் வைக்க இடமிருக்காது. இரண்டு குட்டைக் கம்பி, கழற்றி மாட்டும் தட்டுகள் – இது போதும், கட்டிலுக்கடியிலே அடங்கும். தட்டின் துளையும் கம்பியின் கனமும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே மாட்டிப் பார். துளை இரண்டு அளவிலே வரும். வீட்டுக் கம்பிக்கு உரியது ஒன்று. போட்டிக் கம்பிக்கு உரிய ஐம்பது மில்லிமீட்டர் இன்னொன்று. மாற்றி வாங்கினால் தட்டு தாளம் போடும்! தட்டைப் பிடித்து நிறுத்துவதற்கு மரை போட்டுத் திருகும் பூட்டே வீட்டுக்கு நல்லது. ஸ்பிரிங் கவ்வி தளர்ந்தால் தட்டு உன் பாதத்தைத் தேடி வரும்.

எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. சின்னத் தட்டு! வாலிபன் கடைக்குப் போனால் பெரிய தட்டையே பார்க்கிறான். ஒன்றேகால் கிலோத் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறான். உடல் வளர்வது அந்தச் சின்னத் தட்டிலேதான், தம்பி! ஐந்து கிலோவிலிருந்து பத்துக் கிலோவுக்குத் தாண்டுவது இரண்டு மடங்குப் பாய்ச்சல். தோள் மூட்டு தாங்காது. படிப்படியாக ஏற்றினால் தாங்கும். பெரிய தட்டு பெருமைக்கு. சின்னத் தட்டு பெருக்கத்துக்கு!

சிமென்ட்டை அடைத்துப் பிளாஸ்டிக்கால் மூடிய தட்டுகள் மலிவு. ஆனால் பருமன் அதிகம்; கீழே விழுந்தால் விரிசல் விடும். வார்ப்பிரும்பு விலை கூடுதல். ஆனால் அது சாகாது. இருபது ஆண்டுக்கு முந்திய ஐந்து கிலோ இரும்பு இன்றும் ஐந்து கிலோதான்! ஆகவே பழைய இரும்பு வாங்க வெட்கப்படாதே. எவனோ ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய்ப் பரணிலே போட்டது உனக்குப் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்குமுன் அரிசிக் கடைத் தராசிலே ஒருமுறை வைத்துப் பார். தட்டிலே பொறித்த எண் ஒன்று, தராசு சொல்வது வேறொன்றாக இருப்பதுண்டு. துருப் பிடித்திருந்தால் தேய்த்துவிட்டு எண்ணெய் தடவு. கீழே பழைய சாக்கை நான்காக மடித்துப் போடு. தரையும் பிழைக்கும், கீழ்வீட்டுக்காரரின் நட்பும் பிழைக்கும்.

இரண்டு கம்பிக்குக் காசு போதவில்லை, ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்கிறாயா? கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு – கெட்டில்பெல் – ஒன்று வாங்கலாம். ரஷ்ய நாட்டுச் சந்தையிலே தானியம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல் அது. 'பூட்' என்ற அவர்களுடைய அளவு பதினாறு கிலோவுக்குச் சற்று மேல். மண்டித் தொழிலாளர்கள் வேலை ஓய்ந்த நேரத்திலே தூக்கி விளையாடியது, இன்று உலகமெங்கும் பயிற்சிக் கருவி. தொழிலாளியின் கைபட்ட பொருள் தொழிலாளிக்கு உதவாமலா போகும்?

"நம்முடைய பொருள் ஒன்றும் இல்லையா?" என்று கேட்பாய். ஏன் இல்லை? கர்லாக்கட்டை! தோளைச் சுற்றிச் சுழற்றும் அந்த மரக்கட்டையை இந்நாட்டிலே கண்ட வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 'இந்தியன் கிளப்' என்று பெயரிட்டார்கள். 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக்கிலே அது ஒரு போட்டி. 1932-இல் லாஸ் ஏஞ்சல்சிலே அந்தப் போட்டியிலே தங்கம் வென்றவன் ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கன். யார் அவன்? வேலையில்லாத் திண்டாட்டத்திலே சிக்கியிருந்த ஏழை! பல்லாயிரம் பேர் ஆர்ப்பரித்த அரங்கிலே பதக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி இடம் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தான். எண்ணிப் பார், தம்பி! பையிலே காசில்லை, தோளிலே உலக வெற்றி! நம் மண்ணிலே சுழன்ற கட்டை, பசித்த ஒருவனை உலகத்தின் உச்சியிலே நிறுத்தியிருக்கிறது. நாமோ அதை மறந்துவிட்டுப் பிளாஸ்டிக் பொம்மைக்கு விலை கேட்கிறோம். தச்சரிடம் சொல்லிக் கடைந்தால் கட்டை கிடைக்கும். இலேசான கட்டையிலே தொடங்கு. ஒன்று மட்டும்: கையும் கட்டையும் நீண்டு சுழல இடம் வேண்டும். பத்துக்குப் பத்து அறையிலே சுழற்றினால் முதலிலே உடைவது விளக்கு; அடுத்தது பிள்ளையின் மண்டை. மொட்டை மாடிக்குப் போ!

தென்மாவட்டங்களிலே இளவட்டக்கல் உண்டு. உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றுகிற வாலிபனுக்குத்தான் பெண் என்று சொல்லி வந்த ஊர்கள் அவை. பொங்கல் விழாவிலே இன்றும் தூக்குகிறார்கள். பார்த்து மகிழ்வோம், வீட்டிலே தனியாகச் செய்ய அது ஏற்றதல்ல. பிடியில்லாத கல், வழுக்கினால் விரலையும் முதுகையும் கேட்கும்.

இனி, மறுப்புரைகளுக்கு வருகிறேன்.

"மாதம் தவறாமல் பௌர்ணமியன்று மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறேனே, அது போதாதா?" என்கிறார் நம்மூர்ப் பெரியவர். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், ஐயா! நடை நல்லது, நெஞ்சுக்கு நல்லது, காலுக்கு நல்லது. ஆனால் நடை தோளைத் தொடாது, பிடியைத் தொடாது, மேல்முதுகைத் தொடாது. முப்பது, நாற்பதைத் தாண்டினால் தசை தானாகவே கரையத் தொடங்குகிறது. அதைத் தடுப்பது பளுவோடு செய்கிற பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலே, நடை முதலியவற்றோடு, வாரத்துக்கு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. இந்தியாவிலே நீரிழிவு நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. உண்ட உணவின் சர்க்கரையை மிகுதியாக வாங்கிச் செலவழிக்கும் உறுப்பு தசை. தசை குறைந்தால் சர்க்கரை இரத்தத்திலே தங்கும். தங்கினால் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் தின்னும். வீடு தேடி மாத்திரை வருகிற திட்டத்தை 2021-இல் தமிழ்நாடு கண்டது, வரவேற்றோம். மாத்திரை வருமுன் நோய் வராமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு அல்லவா?

"நாள் முழுதும் மூட்டை தூக்குகிறேன், எனக்கெதற்குப் பயிற்சி?" என்கிறான் மண்டித் தோழன். நியாயமான கேள்வி. மூட்டை உன்னைப் பயன்படுத்துகிறது. பயிற்சியை நீ பயன்படுத்துகிறாய் – வேறுபாடு அங்கே இருக்கிறது. எப்போதும் ஒரே தோள், எப்போதும் ஒரே வளைவு, களைத்தாலும் நிறுத்த முடியாத கூலி வேகம். ஒரு பக்கம் காய்த்துப்போகிறது; மறுபக்கம் காய்ந்துபோகிறது. உனக்கு வேண்டியது கனமான இரும்பு அல்ல, தோழா. ரப்பர் பட்டையிலே இழுவை, இரண்டு கையிலும் சமமாகப் பிடித்த சிறு பளு, அவற்றோடு நல்ல ஓய்வு. வாரம் இரண்டு நாள், கால் மணி நேரம் போதும்.

"எங்களுக்கும் உண்டா?" என்று கதவோரம் நின்று கேட்கிறாள் தங்கை. உனக்குத்தான் முதலில், அம்மா! டம்பெல்லை ஆண்பிள்ளைச் சாமான் என்று எவன் எழுதிவைத்தான்? குழாயடியிலிருந்து குடத்தை இடுப்பிலே ஏற்றி வருகிறவள் நீ. இதே திருவண்ணாமலையிலே, தீபத் திருவிழாத் தேரோட்டத்திலே, பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கிற தேர் ஒன்று உண்டு, ஊரே பார்க்கிறது. தேரை இழுக்கலாமாம், டம்பெல்லைத் தொடக் கூடாதாம் – என்ன நீதி இது! மணிப்பூர்ச் சிற்றூரிலே, அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கி நடந்த சிறுமி மீராபாய் சானு. டோக்கியோவிலே, 2021-இல் நடந்த ஒலிம்பிக்கிலே, நாற்பத்தொன்பது கிலோ எடைப் பிரிவிலே 202 கிலோ தூக்கி வெள்ளி கொண்டுவந்தாள். வயது ஏற ஏறப் பெண்ணின் எலும்பு ஆணைவிட வேகமாகத் தேய்கிறது. பளுப் பயிற்சி அந்தத் தேய்மானத்துக்கு அணை. ஆகவே, வாங்கும்போது மனைவிக்கும் மகளுக்கும் தாய்க்கும் உதவும் எடைகளையும் சேர்த்தே வாங்கு.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டுத் தடவை தூக்க முடிகிற எடையைத் தேர்ந்துகொள். நாளடைவிலே பன்னிரண்டு தடவைக்குக் கொண்டுபோ. பன்னிரண்டும் நேர்த்தியாக வந்தபின், சின்னத் தட்டு ஒன்றைக் கூட்டி மறுபடியும் எட்டிலே தொடங்கு. ஒன்றிலிருந்து மூன்று சுற்று. வாரம் இரண்டு மூன்று நாள். மூச்சை அடக்கித் தூக்காதே. தூக்கும்போது வெளியே விடு. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். வயிற்றைக் குறைக்கும் பெல்ட், அதிரும் பட்டை என்று வருவனவற்றுக்கு வாசலிலேயே விடை கொடு. ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் உருக்கும் கருவி உலகிலே இல்லை. புரதப் பொடி டப்பாவுக்குக் கொடுக்கும் காசிலே, நம் மாவட்டத்து மண்ணிலே விளைகிற வேர்க்கடலையை வாங்கு. நூறு கிராமிலே ஏறத்தாழ இருபத்தைந்து கிராம் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றிலே ஆறு கிராம்.

அவசரப்படாதே. பக்கத்திலே வேலூர் சத்துவாச்சாரியைப் பார். அங்கே பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலே எழுபத்தேழு கிலோ எடைப் பிரிவிலே மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டிலே மறுபடியும் தங்கம். தந்தை முன்னாள் படைவீரர். அவரும் பளு தூக்கியவர். 328 கிலோ ஒரே நாளிலே வந்ததா? சின்னத் தட்டு சின்னத் தட்டாகச் சேர்ந்தது! தங்கம் எல்லோருக்கும் வராது. ஆனால் அறுபது வயதிலே பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து நிற்கும் வலிவு எல்லோருக்கும் வரும். உழைப்பாளிக்கு அதுவே தங்கம்.

கடைசியாக ஒன்று. முன்பு நினைவிலே வைத்துக்கொள்ளச் சொன்னேனே – நண்பர்களோடு சேர்ந்து – அதற்கு வருகிறேன். நம் இயக்கம் வளர்ந்த கதை உனக்குத் தெரியும். ஆளுக்கொரு பத்திரிகை வாங்கவா நம்மவர்களிடம் காசு இருந்தது? ஒரு தெருவுக்கு ஒரு படிப்பகம். ஒரு பத்திரிகை வாங்கினார்கள். ஒருவர் உரக்கப் படித்தார். எழுத்தறியாதவரும் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் அது நடந்தது. ஏழையின் அறிவு அப்படித்தான் வளர்ந்தது. ஏழையின் தோளும் அப்படியே வளரட்டுமே!

ஐந்து தோழர்கள், ஆளுக்கு அறுநூறு ரூபாய். மூவாயிரம் ஆயிற்று. ஒரு தொங்கு கம்பி, ஒரு ஜோடிக் கம்பியும் தட்டுகளும், இரண்டு ரப்பர் பட்டை. படிப்பகத்தின் பின்புறத்திலே, இல்லையேல் ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலே வை. இரண்டு இரும்புக் கால் நட்டு, குறுக்கே ஒரு குழாய் போட்டால் தெருவுக்கே தொங்கு கம்பி! மாலையிலே பெண்களுக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கு. எந்தத் தெருவுக்காரன், எந்தச் சாதிக்காரன் என்று இரும்பு கேட்பதில்லை. வருகிறவனை நீயும் கேட்காதே. 2024-இல் தொடங்கி ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவித் தொகுப்புகள் வழங்கப்பட்டனவே, உன் ஊருக்கு வந்த பெட்டி எங்கே என்று கேள். பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல். தனியாக வாங்கிய இரும்பு தூசி படியும். பத்துப் பேர் தொடுகிற இரும்பு துருப் பிடிக்க நேரமேது?

தேர் எவ்வளவு பெரிது, தம்பி! அதை இழுக்க எவனும் தனியே இயந்திரம் வாங்கவில்லை. ஒரு வடம், அதிலே ஓராயிரம் கை. அசையாதது அசைகிறது. படிப்பகத்திலே இந்த வாரமே பேசு. ஐந்து பேரைச் சேர். முதல் தட்டை வாங்கு – சின்னத் தட்டாக!

அன்புள்ள,
அண்ணன்